அட்டைப்பெட்டியைப் பார்த்து எழுதியவன்

மின்னணுப் பொருள்களுக்கு மதிப்புரை எழுதுவது என் தொழில். கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைப் பற்றி நான் எழுதியது உண்மையல்ல. தெரிந்தேதான் எழுதினேன்.

அந்த ஸ்பீக்கரை என் அறையில், சுவர் மூலையில் வைத்துக் கேட்டேன். மூலையில் வைத்தால் எந்த ஸ்பீக்கரிலும் பேஸ் கூடும். எனக்குத் தெரியும். திறந்த வெளியில் அந்தச் சுவர்கள் இல்லை. தூரம் இரு மடங்கானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். அதுவும் தெரியும். ஆனாலும் வாசலுக்குக்கூட எடுத்துப் போகாமல், “திடலுக்கும் போதும்” என்று எழுதினேன். என் காது தப்பாது என்ற கர்வம். பேட்டரி நேரத்தை அட்டைப்பெட்டியைப் பார்த்து எழுதினேன். முழுச் சத்தத்தில் வைத்தால் அது வெகுவாகக் குறையும் என்பதைச் சொல்லவில்லை. “கையாள எளிது” என்றும் சேர்த்தேன்.

பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அதை நம்பி வாங்கினார். பிள்ளைகளுக்குத் திடலில் பாட்டுப் பயிற்சி தருபவர். பின்வரிசைக்குப் பாட்டு எட்டவில்லை. ஒரே ரப்பர் பட்டையில் நான்கு பட்டன்கள். விரலுக்குத் தட்டுப்படும் மேடோ பள்ளமோ கிடையாது. சத்தத்தைக் கூட்டப் போனால் பாட்டு நின்றது. சார்ஜ் எவ்வளவு என்பதைச் சிறு விளக்குகள் மட்டுமே காட்டின. பயிற்சியின் நடுவே ஸ்பீக்கர் அணைந்து போனது.

அவர் போனில் கேட்டார்: “சார், கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவையாவது அழுத்திப் பாத்தீங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். “உங்களுக்கு வந்த பீஸ்ல கோளாறு இருக்கும். கடையில மாத்தித் தரச் சொல்லுங்க” என்றேன்.

அவர் ஒரு மாணவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். கடைக்காரர் போட்டுப் பார்த்து, கோளாறு எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். கடைக்காரர் சொன்னது சரி. கோளாறு என் எழுத்தில் இருந்தது. முதல் பொய் அவர் பணத்தைத் தின்றது. இரண்டாவது பொய் அவரைப் பிள்ளையின் எதிரே தலைகுனிய வைத்தது. முதலாவதைச் சோம்பல் என்று யாரேனும் மன்னிக்கலாம். இரண்டாவதற்கு மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதனால் அது நேராகிவிடவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வைத்துக் கேளுங்கள். சத்தத்தை முழுதாகக் கூட்டி, பாடுபவரின் குரல் பிசிறுகிறதா என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு பட்டன்களை அழுத்துங்கள். இவற்றைச் செய்யாமல் எழுதிய மதிப்புரை என் பெயரிலேயே வந்தாலும் நம்பாதீர்கள்.