வார்த்தை முந்தி, கை பிந்தி

பெண்கள் எழுதிய கவிதைத் தொகுப்பு எதைப் புரட்டினாலும் எங்காவது ஒரு கடிவாளம் கிடக்கும். கணவன் போட்டது, மாமியார் போட்டது, ஊர் போட்டது. கூடவே சாட்டையும் லாடமும் கண்பட்டையும் வரும். என் வகுப்பு மாணவிகள் எழுதிக் கொண்டுவரும் கவிதைகளிலும் குதிரைக்குக் குறைவில்லை. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. 'குதிரை மாதிரி வளந்து நிக்கா' என்ற பேச்சைக் கேட்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பதினைந்து வயதைத் தாண்ட முடியாது. ஆனாலும் அந்தக் கவிதைகளைப் படிக்கிறபோது எனக்கு வேறு கேள்விகள் வரும். பல் இல்லாத ஈறில் கடிவாளம் சரியாக உட்கார்ந்ததா? மார்கழிக் காலையில் இரும்பை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிப் போட்டார்களா, சில்லென்று அப்படியே திணித்தார்களா? வண்டிக் குதிரை பழக்கிய ஒருத்தியின் பேத்திக்கு வருகிற கேள்விகள் இவை.

அம்மாவைப் பெற்ற ஆச்சி இலத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். தாத்தா குதிரை வண்டிக்காரர். சீசன் மாதங்களில் தென்காசி ரயில்வே ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைக் குற்றாலத்துக்கு ஏற்றிப் போவார். குற்றாலத்துக்கு ரயில் கிடையாது. மற்ற மாதங்களில் சந்தைச் சாமான், கல்யாணம், பிள்ளைப்பேறு. லைசென்ஸ் தாத்தா பெயரில். ஸ்டாண்டில் இடம் தாத்தாவுக்கு. கொள்ளை ஊறவைத்து அவிப்பது, புல் அறுப்பது, லத்தி அள்ளுவது, தேய்த்து விடுவது, வார் தைப்பது எல்லாம் ஆச்சி. புதுக் குதிரை வாங்கினால் அதை வண்டிக்குப் பழக்குவதும் ஆச்சிதான். இதை யாரும் ஒரு வேலை என்று சொன்னதில்லை. 'குதிரை வீட்டுல நிக்கி' என்பார்கள், பிள்ளை வீட்டில் இருக்கிறது என்பது மாதிரி. மாதவிலக்கு நாட்களில் அவள் வண்டியைத் தொடக் கூடாது, வண்டி லட்சுமி. குதிரையைத் தொடலாம். தொடாவிட்டால் அதற்கு யார் தண்ணீர் காட்டுவது?

நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு குதிரையைப் பழக்கியதைத்தான். தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு, பெரியம்மை மகன் ஒரு மட்டக்குதிரையை வாங்கிக்கொண்டு வந்தான். எனக்கு ஒன்பது வயது. பழக்காத குதிரை, விலை குறைவு என்று அண்ணனுக்குப் பெருமை. தெரு ஆம்பிளைகள் வந்து சுற்றி நின்றார்கள். நெற்றியில் சுழி, கழுத்தில் சுழி, முன்னங்காலுக்கு மேலே சுழி என்று விரலால் தடவி ராசி சொன்னார்கள். அதே மாசம்தான் சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவளை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாரும் போன பிறகு ஆச்சி தொழுவத்துக்கு வந்தாள். 'சுழியப் பாக்கானுவ. கொளம்ப ஒருத்தனும் தூக்கிப் பாக்கல' என்று சொல்லி, உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தாள்.

முதல் பத்து நாள் எதுவும் நடக்கவில்லை. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அவள் குதிரைக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பாள். எங்களிடம் பேசுகிற குரல் இல்லை. 'நட', 'பைய', 'நில்லு' என்று மூன்று சொல். மூன்றுக்கும் மூன்று ராகம். நாங்கள் மாற்றிச் சொன்னால் ஏச்சு விழும். பிறகு முதுகில் ஒரு பழைய சேலை. அது காற்றில் படபடக்க, குதிரை எகிற, சேலை விழ, மறுபடி போட. அதன் பிறகு வயிற்றுப் பட்டை, தொளதொளவென்று. ஒரு நாளைக்கு ஒரு ஓட்டை இறுக்குவாள், அதற்கு மேல் இல்லை. கடிவாளத்தில் கருப்பட்டிப் பாகு தடவி, வாயோரம் கட்டைவிரலை வைத்துக் காத்திருப்பாள். குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் வெறும் ஈறு உண்டு. கடிவாளம் அங்கேதான் கிடக்கும். அது எலும்பை ஒட்டிய மெல்லிய சதை. ஒரு முறை வெட்டி இழுத்தால் வாரக்கணக்கில் மறக்காது. 'வார்த்தை முந்தி, கை பிந்தி' என்பாள். முதலில் சொல்ல வேண்டும். கேட்க ஒரு மூச்சு நேரம் கொடுக்க வேண்டும். கேட்காவிட்டால்தான் வாரில் விரலை அசைக்க வேண்டும். நாளாக ஆக, விரல் அசையும் முன்பே குதிரை நின்றுவிடும். ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு 'உடைப்பது' என்று பெயர். தமிழில் பழக்குவது என்கிறோம், நல்ல வேளையாக.

ஆளைத் தூக்கிச் சுமக்கும் குதிரைக்கும் வண்டிக் குதிரைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குதிரை இரையாகப் பிறந்த விலங்கு. பின்னாலிருந்து சத்தம் வந்தால் ஓடு என்பதுதான் அதன் உடம்பு படித்த பாடம். வண்டி என்பதோ சத்தம் போட்டுக்கொண்டு விடாமல் துரத்தி வருகிற ஒன்று. குதிரை வேகமாக ஓடினால் அதுவும் வேகமாக வரும். அப்படி ஒன்று பின்னால் வரும்போதும் நிதானமாக நடக்கலாம் என்று நம்ப வைப்பதுதான் பழக்குவது. மண்ணெண்ணெய் டின்னில் கல்லைப் போட்டு, கயிறு கட்டி, என்னை இழுத்துக்கொண்டு நடக்கச் சொன்னாள். முதலில் குதிரைக்கு முன்னால், அது டின்னைப் பின்தொடர்ந்து வரும்படி. அப்புறம் பக்கவாட்டில். கடைசியில்தான் பின்னால். கயிற்றைக் குதிரையிடம் கட்டவே கூடாது, மிரண்டால் உடனே விட்டுவிடத் தோதாகக் கையில்தான் இருக்க வேண்டும். கண்பட்டையும் உடனே போடவில்லை. சக்கரத்தைக் குதிரைக்கு முன்னால் உருட்டி, நிறுத்தி, மோந்து பார்க்க விட்டாள். 'பாத்துட்டா பயம் போயிரும். மறைச்சா நெனப்புலயே நிக்கும்.' சாலைக்குப் போகிற நாளில்தான் கண்பட்டை, லாரிக்காக.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பின்னால் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு பையன்கள் வருவார்கள். எங்களுக்குச் சொல்லித்தந்தது, திரும்பிப் பார்க்காதே, வேகமாக நட. குதிரைக்கு ஆச்சி சொல்லித்தந்ததை எங்களுக்கும் யாராவது சொல்லித்தந்திருக்கலாம்.

வார் பூட்டுவதைப் பற்றி எழுதினால் அது ஒரு தனிக் கட்டுரை. ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். இழுவை முழுவதும் நெஞ்சுப் பட்டையில் விழும். அது மேலே ஏறினால் மூச்சுக் குழலை அமுக்கும், கீழே இறங்கினால் தோள்மூட்டைத் தடுக்கும். ஆச்சி பட்டையின் உட்புறம் நைந்த நூல் சேலையை மடித்து மடித்துத் தைப்பாள். புதுத்துணி ஆகாது, உரசும். எந்தப் பட்டைக்கு அடியிலும் இரண்டு விரல் போக வேண்டும். 'ஒன் விரல் இல்லட்டி, எவிரல்' என்பாள். முதுகுத் திண்டு இரண்டு பக்கமும் தாங்க வேண்டும், நடு எலும்பில் படவே கூடாது. வண்டியின் இரண்டு ஏர்க்கால்களுக்கு நடுவில் நிற்கிற குதிரையால் உடம்பை வளைத்துத் திரும்ப முடியாது. காலை மாற்றி மாற்றிப் பக்கவாட்டில் வைத்துத்தான் திரும்ப வேண்டும். அதற்காக இரண்டு மூங்கில் கழிகளை இருபுறமும் கட்டி, தொழுவத்தைச் சுற்றி நாள்கணக்கில் திருப்பினாள். பிறகு வெறும் வண்டி. பிறகு வண்டியில் நான், தம்பி, ஒரு மூட்டை தவிடு. இரண்டு சக்கர வண்டியில் ஆட்கள் பின்னால் சரிந்தால் ஏர்க்கால் மேலே தூக்கி வயிற்றுப் பட்டை குதிரையை அறுக்கும். முன்னால் குவிந்தால் பாரம் முதுகில் இறங்கும். ஜட்காக்காரர்கள் ஓயாமல் 'முன்னால வாங்க, பின்னால போங்க' என்று சொல்லி எல்லாரிடமும் திட்டு வாங்கியது இதற்காகத்தான்.

இழுப்பதை விட நிறுத்துவது பெரிய வேலை. இறக்கத்தில் வண்டி குதிரை மேல் ஏறப் பார்க்கும். பின்தொடைகளைச் சுற்றிப் போகிற பட்டையில் உட்காருகிற மாதிரிச் சாய்ந்து அது வண்டியைத் தாங்க வேண்டும். சாரலில் நனைந்த சாலை, லாடம் வழுக்கும். ஐந்தருவி இறக்கத்தில் ஒரு குதிரையின் தரம் தெரிந்துவிடும். குற்றாலக் குறவஞ்சியில், தேனருவியின் அலை வானம் வரைக்கும் எழும்பிச் சூரியனுடைய குதிரைகளின் கால்களே வழுக்குவதாகக் குறத்தி தன் மலையைச் சொல்கிறாள். உரையாசிரியர்கள் உயர்வு நவிற்சி என்று முடித்துக்கொள்கிறார்கள். எழுதியவர் திரிகூடராசப்பக் கவிராயர், குற்றாலம் போகிற வழியில் இருக்கிற மேலகரத்துக்காரர். சாரல் காலத்துச் சாலையில் குதிரை சறுக்கியதைப் பார்க்காத ஆள் அதை எழுதியிருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன். அதைக் கவிஞர் ஒரு பெண்ணின் வாயில் வைத்தது எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

இத்தனை தெரிந்த ஆச்சி வண்டி ஓட்டவில்லை. ஓட்ட விடவில்லை. 1969 சீசனில் தாத்தா மஞ்சள்காமாலையில் படுத்தார். சம்பாதிக்கிற நாட்களே வருடத்தில் அந்த மூன்று மாதம். ஆச்சி தானே ஓட்டுகிறேன் என்றாள். வீட்டுப் பெரியவர்களும் ஸ்டாண்டுக்காரர்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: பொம்பள ஓட்டுனா எவன் ஏறுவான்? கூலிக்கு ஒரு ஆளைப் பிடித்தார்கள். அவன் மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது குதிரையின் வாயோரம் ரத்தம். ஆச்சி மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டாள். ஆறுவதற்குள் மறுபடி பூட்டினார்கள். சீசன் முடியும்போது அந்தக் குதிரை, வாரைத் தொட்டாலே தலையைத் தூக்கிப் பின்வாங்குகிற குதிரையாகிவிட்டது. பாதி விலைக்குப் போயிற்று. எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அம்மாவின் படிப்பும் அந்த வருடத்தோடு போயிற்று. அம்மா இதைச் சொல்லும்போது குதிரைக்குத்தான் அழுவாள்.

அந்தக் காலத்திலேயே வண்டிக் குதிரைக்குச் சட்டம் இருந்தது. 1965-ல் இந்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, இழுவை விலங்கை நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை பூட்டக் கூடாது. ஓட்டுபவரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் நீங்கலாக நான்கு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. முள் வைத்த கடிவாளம் கூடாது. நல்ல விதிகள். காலை நான்கு மணிக்குக் கொள்ளு அடுப்பை மூட்டி, இரவு பத்து மணிக்குத் தொழுவத்தில் புல் போட்டுவிட்டுப் படுக்கிற ஆச்சியிடம் ஒரு நாள் இதைப் படித்துக் காட்டினேன். 'குதிரைக்கா?' என்று கேட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை.

குதிரையின் வாயைப் பற்றி உலகத்துக்குச் சொன்னவளும் ஒரு பெண்தான். இங்கிலாந்தின் ஆன்னா சூவெல் பதினான்கு வயதில் கணுக்கால் அடிபட்டு, வாழ்நாள் முழுவதும் சரியாக நடக்க முடியாமல் போனவர். மட்டக்குதிரை வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். அப்பாவை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது அவர்தான். நடக்க முடியாதவருக்குக் குதிரை காலாக இருந்தது. 1877-ல் அவர் எழுதிய 'பிளாக் பியூட்டி', ஒரு வண்டிக் குதிரையே தன் கதையைச் சொல்கிற நாவல். பணக்காரர்கள் அழகுக்காகக் குதிரையின் தலையை வாரால் மேலே இழுத்துக் கட்டி வைத்த வழக்கம் அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது. தலை தாழ்த்த முடியாத குதிரையால் மேட்டில் நெஞ்சைக் கொடுத்து இழுக்க முடியாது. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம், வாரைக் கையில் பிடித்திருந்தால் போதும். அடுத்த ஆண்டே அவர் இறந்தார். சவ ஊர்வலத்துக்கு வந்த குதிரைகளிலும் அந்த வார் கட்டியிருப்பதைப் பார்த்த அவருடைய அம்மா, அதை அவிழ்க்கச் சொன்னார் என்பார்கள்.

முல்லைப் பாட்டுகளை வருடா வருடம் நடத்துகிறேன். அகநானூற்றின் நான்காம் பாட்டில், பூவில் தேன் குடிக்கிற வண்டுகள் கலைந்துவிடக் கூடாது என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிக்கொண்டு தலைவன் வருகிறான். அந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும், எனக்கும் பிடித்த இடம். ஆனால் மணியின் நாவைக் கட்டுவதற்கு முன்னால், மணிச் சத்தத்துக்கு அந்தக் குதிரையை யாரோ பழக்கியிருக்க வேண்டுமே. தலைவி காத்திருக்கிறாள், தோழி ஆறுதல் சொல்கிறாள், பாகன் ஓட்டுகிறான். தொழுவம் பாட்டுக்குள் வருவதில்லை. தேரோட்டிய பெண்ணே இல்லையா மேடம் என்று போன வருடம் ஒரு மாணவி கேட்டாள். போர்க்களத்தில் தசரதனின் தேரை ஓட்டி, கடையாணி கழன்ற இடத்தில் விரலைக் கொடுத்துக் காப்பாற்றியதாகக் கைகேயியைப் பற்றி நம் பாட்டிமார் கதை சொல்வார்கள் என்றேன். 'வில்லியா, மேடம்?' என்றாள்.

அண்ணனின் மட்டக்குதிரை மூன்று மாதத்தில் தயாரானது. கடைசி மூன்று நாள் ராத்திரி, ஊர் அடங்கிய பிறகு, ஆச்சி முன்பலகையில் உட்கார்ந்து குளத்துக் கரை வரை ஓட்டிக்கொண்டு போனாள். வாரை இரண்டு விரலில் பிடித்திருந்தாள். நான் பின்னால் வைக்கோலில் உட்கார்ந்திருந்தேன்; மணியை அவிழ்த்து என் மடியில் போட்டிருந்தாள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று. நாலாம் நாள் அண்ணன் வண்டியை ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனான். கைராசிக்காரன் என்று பெயர் வாங்கினான்.

ஐந்தாறு வருடம் ஓடியது. பிறகு ஆட்டோக்கள் வந்தன, சவாரி குறைந்தது. பழனியில் இன்னும் குதிரை வண்டிக்கு ஆள் இருக்கிறது என்று அங்கிருந்து ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். பேசி முடித்துக் கயிறு மாற்றும் நேரத்தில் ஆச்சி திண்ணையிலிருந்து இறங்கி வந்தாள். 'அதுக்கு வலப்பக்கம் வாய் கொஞ்சம் கூச்சம்யா. இழுக்காதீரும். பையன்னு சொன்னா நிக்கும்' என்றாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பி, 'அப்படிங்களா தம்பி?' என்றார்.