நாலு கை பட்ட பண்டம்

நாலு பேர் சேர்ந்து சாம்பார் வைத்தால் என்ன ஆகும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் உப்புப் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால், 'அவ போட்டிருப்பா' என்று ஒருத்தருமே போட்டிருக்க மாட்டார்கள். கல்யாண வீடுகளில் இதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இதே உப்புச் சமாசாரம் ஒருநாள் என் கணவரின் வேலைக்கே உலை வைக்கப் பார்க்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

நாங்கள் இருப்பது ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, கல்யாணமாகி இங்கே வந்தபோது எல்லாமே புதுசு. காலையில் பனி. அதற்குள் சாரி சாரியாகக் கம்பெனி பஸ்கள். கடையில் ஒருத்தர் தமிழ், ஒருத்தர் தெலுங்கு, ஒருத்தர் கன்னடம். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம்தானே! நாம் 'அளவு' என்பதை ஒருவர் 'அளத்தெ' என்பார், இன்னொருவர் 'கொலத' என்பார். ஆனாலும் வேலை நடந்துவிடும்.

1980-ல் அசோக் லேலண்டும், டிவிஎஸ் 50 மொபெட்டும் ஓசூரில் கால் வைத்தன. 1984-ல் டாட்டாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. லாரி, மொபெட், கைக்கடிகாரம் எல்லாம் அந்தப் பெரிய மதிலுக்குள்ளேயே முழுசாக உருவாகி வெளியே வருவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். இவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு வண்டியில பாதிக்கு மேல வெளியில செஞ்சு வர்றதுதான். நம்ம தெருவுல கடகடன்னு சத்தம் கேக்குதே, அதெல்லாம் யாரோ ஒருத்தரோட வண்டிக்குப் போற சாமான்தான்."

இவர் அப்படிப்பட்ட ஒரு சின்னப் பட்டறையில் சூப்பர்வைசர். பெரியவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், நானும் அங்கேயே அரைநாள் கணக்கெழுதப் போனேன். வரும் கடிதங்களையும் டிராயிங்குகளையும் ஃபைலில் அடுக்குவதும் என் வேலைதான்.

ஒருமுறை வெளியூர்க் கம்பெனி ஒன்று புது இயந்திரம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதற்கு விரல் நீளத்தில் ஒரு ஷாஃப்ட் வேண்டும். வரைந்தது அவர்கள். கடைந்து, கிரைண்டிங் செய்து கொடுப்பது நாங்கள். துத்தநாகப் பூச்சு பெங்களூரு பீன்யாவில். ஷாஃப்ட் போய் உட்கார வேண்டிய புஷ்ஷைச் செய்தது இன்னொரு பட்டறை. எல்லாவற்றையும் சேர்த்து மாட்டுவது வேறொரு இடம். முதல் சாம்பிளாக 500 ஷாஃப்ட் போயிற்று.

மறுநாள் போன் வந்தது. "ஒண்ணுகூட உள்ளே போகலை!"

இவர் அளந்து பார்த்தார். டிராயிங்கில் இருந்த அளவேதான். புஷ் செய்தவரும் அளந்தார். அவருடையதும் சரி. பூச்சுக்காரர் 8 மைக்ரான் கேட்டார்கள், 8 மைக்ரான் பூசியிருக்கிறார். எல்லாரும் சரி, பண்டம் மட்டும் தப்பு!

விஷயம் இதுதான். 8 மைக்ரான் பூச்சு சுற்றிலும் ஏறினால் ஷாஃப்ட்டின் குறுக்களவு 16 மைக்ரான் கூடிவிடும். நம் தலைமுடியின் பருமனே சுமார் 70 மைக்ரான்; அதில் கால் பங்குகூட இல்லை. ஆனால் அந்தத் துளியூண்டு கூடினாலும் உள்ளே போகாது. அப்படியானால் டிராயிங்கில் போட்ட அளவு பூச்சுக்கு முன்னாலா, பின்னாலா? முதல் டிராயிங்கில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 'எங்கள் திருத்தத்தில் எழுதியிருக்கிறோமே' என்றார்கள் கம்பெனிக்காரர்கள். 'அப்படி எதுவும் எனக்கு வரவில்லை' என்றார் இவர்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்தத் திருத்தம் வந்திருந்தது. நான்தான் அதை வாங்கி, அழகாகத் துளை போட்டு, ஃபைலில் கோத்து வைத்திருந்தேன். 'அளவுகள் பூச்சுக்குப் பின்' என்று ஒரே ஒரு வரி கூடுதலாக இருந்தது. மிஷின் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு ஒட்டியிருந்ததோ பழைய காகிதம்!

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. இவர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. 'பதினைஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பேர் வாங்கினதில்லை' என்று புலம்பினார். நாலாம் நாள் ராத்திரி குழந்தைகள் தூங்கியதும் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணு நாளா சொல்லாம இருந்தியே, அதுதான் தப்பு. புதுசு வந்தா பழசை எடுக்கணும்னு உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றார்.

மறுநாள் நானே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் "உக்காரும்மா" என்றார். பிறகு போனை எடுத்து, சம்பந்தப்பட்ட நாலு பேரையும் வரச் சொன்னார்.

ஒரே மேஜை. நடுவில் அந்த ஷாஃப்ட்டும் புஷ்ஷும். அதுவரை போனில் சண்டை போட்டவர்கள் காபி குடித்துக்கொண்டு பேசினார்கள். அன்றைக்குப் பூச்சுக்காரப் பெரியவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "இது டைட்டா வரும்னு எனக்கு அப்பவே தோணிச்சும்மா. நமக்கெதுக்கு, கொடுத்ததைப் பூசிக் கொடுப்போம்னு விட்டுட்டேன். கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு..." அவரை யாரும் அதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. டிராயிங்கே அவர் கைக்குப் போனதில்லை!

பூச்சை நீக்கி, மறுபடி கிரைண்டிங் செய்து, மறுபடி பூசி 500-ஐயும் காப்பாற்றினோம். அந்த வருஷம் தீபாவளி போனஸ் எங்களுக்குப் பாதிதான். ஆனால் அன்று முதல் மூன்று பழக்கங்கள் வந்தன. புது டிராயிங் வந்தால் அதே நாளில் எல்லாருக்கும், பூச்சுக்காரர் உட்பட, போக வேண்டும். புதுசைக் கொடுக்கும்போது பழசைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சந்தேகம் கேட்டவரை யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

2013-ல் ஓசூர் டிவிஎஸ் மோட்டாரும் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிள் பிரிவும் கூட்டாக வண்டி உருவாக்க ஒப்பந்தம் செய்தன. அதில் பிறந்த ஜி 310 ஆர் ஓசூரில்தான் தயாரானது. 2017-ல் அதே எஞ்சின் குடும்பத்தில் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்ஆர் 310 வந்தது. குளிர்காலத்தில் இங்கே காலை 9 மணி என்றால் ம்யூனிக்கில் விடியற்காலை 4.30! நாலு பேருக்குள்ளேயே நாங்கள் தடுமாறினோமே, அவர்களுக்குள் எத்தனை திருத்தங்கள் பறந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அவ்வளவு தூரம் போவானேன்? இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள், மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு, 1990-களில் 'மெடோ' என்று சொந்தமாக ஒரு கம்பெனியே தொடங்கி, டைட்டன் கடிகாரச் சங்கிலிகளின் கண்ணிகளைக் கோத்துக் கொடுத்தார்கள். கூட்டு வேலை பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்தப் பாடம் வீட்டில் எனக்கு உதவிய கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் நாலு மாதம் எங்களோடு, நாலு மாதம் கிருஷ்ணகிரியில் நாத்தனார் வீட்டில், நாலு மாதம் பெங்களூரில் கொழுந்தன் வீட்டில் இருப்பார். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. பெங்களூர் டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தி வேறொன்று எழுதிக் கொடுத்தார். கிருஷ்ணகிரியில் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்ததோ பழைய சீட்டு! இரண்டையும் சாப்பிட்டுத் தலைசுற்றி, பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் சீட்டுல இருக்கறபடிதானே அண்ணி கொடுத்தேன்?" என்று நாத்தனார் அழுதாள். அவள் சரிதான். கொழுந்தனும் சரிதான். தப்பு, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது.

டாக்டரைப் பார்த்து நிலைமை சரியானதும், மூன்று வீட்டிலும் இருந்த பழைய சீட்டுகளை வாங்கிக் கிழித்துப் போட்டேன். இப்போது ஒரே சீட்டு. மேலே தேதி. அத்தையின் சுருக்குப் பையில் அவரோடேயே ஊர் ஊராகப் போகிறது. மருந்து மாறினால் அன்றைக்கே மூன்று வீட்டுக்கும் போன். அத்தைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்: "மாத்திரையோட நிறம் மாறியிருந்தா வாயில போடறதுக்கு முன்னால கேளுங்க அத்தை. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

போன வாரம் அத்தை நாத்தனாரை நிறுத்திக் கேட்டாராம், "ஏண்டி, இது புதுச் சீட்டுதானே?" என்று. அதைக் கேட்டபோது, அன்று கேட்கத் தயங்கிய அந்தப் பூச்சுக்காரப் பெரியவரின் முகம் என் கண் முன்னால் வந்து போயிற்று.