தொண்ணூற்றொன்பதில் நின்ற கணக்கு

2012 நவம்பர் 8 அன்று ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் முகமது அசாருதீனின் மேல்முறையீட்டை ஏற்றது. இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அவர்மீது விதித்திருந்த வாழ்நாள் தடை சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அன்று மாலை செகந்திராபாத் பத்மாராவ் நகரில், ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். சட்டம் படித்துக்கொண்டிருந்த மகள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு காரணம் கேட்டாள்.

"அவர் தப்பு பண்ணலைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சும்மா."

"தடை செல்லாதுன்னு சொல்லியிருக்குப்பா. அது வேற, இது வேற."

அவர் இனிப்புப் பெட்டியை மூடிவைத்தார். பல ஆண்டுகள் அவ்வீட்டில் ஓயாதிருந்த விவாதம் அந்த இரண்டு வாக்கியங்களிலிருந்து தொடங்கியது.

அவர் பக்கத்தில் இருந்தது நினைவு. 1984 டிசம்பர் 31 அன்று கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் தொடங்கிய டெஸ்டில் இருபத்தொரு வயது ஐதராபாத் இளைஞர் ஒருவர் இங்கிலாந்துக்கு எதிராக 110 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்துச் சென்னைச் சேப்பாக்கத்தில் 105. அதற்கடுத்துக் கான்பூரில் 122. முதல் மூன்று டெஸ்டுகளிலும் சதம் என்பது அதற்கு முன் எவரும் செய்யாதது. பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, வாடகை வீட்டில் தெலுங்கும் உருதும் தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டிருந்த அந்த எழுத்தர், சேப்பாக்கத்தில் விழுந்த சதத்தை வானொலி வர்ணனையில் கேட்டார். பிறந்த மாநிலத்தின் மைதானத்தில், பிழைக்க வந்த ஊரின் பையன் ஆடினான். ஐதராபாத்தை 'எங்க ஊர்' என்று அவர் சொல்லத் தொடங்கியது அதன் பிறகுதான். மணிக்கட்டைத் திருப்பி, வெளியே செல்லும் பந்தையும் கால்பக்க எல்லைக்கு அனுப்பும் அந்த ஆட்டத்தின் வழியாகவே ஓர் ஊர் அவருக்குச் சொந்தமாயிற்று. பின்னாளில் அந்தப் பெயர்மீது பழி விழுந்தபோது அவர் இழந்தது ஒரு வீரரை மட்டுமன்று.

மகள் பக்கத்தில் இருந்தவை ஆவணங்கள். 2000 ஏப்ரலில் தென்னாப்பிரிக்க அணித்தலைவர் ஹன்சி குரோனியேவின் தொலைபேசி உரையாடலை டெல்லி காவல் துறை வெளியிட்டது. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்து அறிக்கை அளித்தது. அத்துறையின் முன்னாள் இணை இயக்குநர் கே. மாதவனை வாரியம் தன் சார்பில் விசாரிக்க நியமித்தது. சூதாட்டத் தரகர்களோடு தொடர்பு வைத்திருந்ததாகவும் ஆட்ட நிர்ணயத்தில் ஈடுபட்டதாகவும் அசாருதீன்மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர் அதை மறுத்தார். ஏ.சி. முத்தையா தலைவராக இருந்த வாரியம், 2000 டிசம்பர் 5 அன்று அசாருதீனுக்கும் அஜய் சர்மாவுக்கும் வாழ்நாள் தடையும், அஜய் ஜடேஜா, மனோஜ் பிரபாகர் ஆகியோருக்கு ஐந்தாண்டுத் தடையும் விதித்தது. ஆட்ட நிர்ணயத்தைக் குற்றமாக வரையறுக்கும் தனிச்சட்டம் இந்தியாவில் அன்று இல்லை. குற்றவியல் வழக்கு நடக்கவில்லை. சாட்சிகள் திறந்த நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு உள்ளாகவில்லை. அசாருதீன் ஐதராபாத் உரிமையியல் நீதிமன்றத்தை நாடித் தோற்று, அங்கிருந்தே உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார்.

மகள் தந்தைக்கு விளக்க முயன்றது இதைத்தான். விளையாட்டு அமைப்பு ஒருவரைத் தண்டிக்கக் குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் அளவுக்கு, ஐயத்துக்கு இடமில்லாத மெய்ப்பிப்பு தேவையில்லை. நிகழ்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினாலே போதும். அந்தச் சலுகைக்கு ஈடாக அவ்வமைப்பு ஒரு கடமையை ஏற்கிறது. குற்றச்சாட்டைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும். தன் விதிகளுக்குள் நின்று, காரணம் கூறி முடிவெடுக்க வேண்டும். இயற்கை நீதி என்று சட்டம் இதைச் சொல்கிறது. வாரியம் அரசமைப்பின் 12ஆம் உறுப்பு கூறும் 'அரசு' அன்று என 2005இல் ஜீ டெலிபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அது பொதுப்பணி ஆற்றுவதால் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றங்கள் அதைக் கேள்வி கேட்கலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. எனவே மேல்முறையீட்டில் வென்றவர் தண்டனையிலிருந்து விடுபடுகிறார். 'செய்தாரா, இல்லையா' என்று ரசிகர் கேட்கும் கேள்விக்கு அந்த வெற்றி தானாக விடையாகிவிடாது.

நகரத்து விவாதங்கள் பெரும்பாலும் அந்தக் கேள்வியையே சுற்றிவந்தன. ஈரானித் தேநீர்க் கடைகளில் ஒருசாரார் தீர்ப்பைப் புனிதச் சான்றாக உயர்த்திப் பிடித்தனர். மறுசாரார் சட்டத்தின் ஓட்டை என்று ஒதுக்கினர். ஆட்டத்தைப் பாராமல் அவருடைய பெயரைப் பார்த்தே தண்டித்தவர்களும் இருந்தனர். பெயரைப் பார்த்தே விடுவித்தவர்களும் இருந்தனர்.

ஆனால் தந்தையிடம் மகளால் எளிதில் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி இருந்தது. தடை விதிக்கப்பட்டபோது அசாருதீனுக்கு வயது 37. அது செல்லாது எனத் தீர்ப்பானபோது 49. முதல் டெஸ்டில் 110 எடுத்தவர், 2000 மார்ச்சில் பெங்களூரில் ஆடிய டெஸ்டில் 102 எடுத்தார். அதுவே அவருக்குக் கடைசியாயிற்று. ஆடிய டெஸ்டுகள் 99. "செல்லாத தண்டனையை அவர் முழுசா அனுபவிச்சு முடிச்சிட்டாரே, அதை யாரும்மா திருப்பித் தர்றது?" என்று அவர் கேட்டார்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்ரீசாந்த் வழக்கு வந்தபோது மகளுக்கு அந்தக் கேள்வியின் முழு எடை விளங்கியது. 2013இல் வாரியம் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. 2015இல் டெல்லி விசாரணை நீதிமன்றம் அவரைக் குற்றவியல் வழக்கிலிருந்து விடுவித்தது. தடை மட்டும் நீடித்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் குற்ற முடிவைத் தொடாமல், வாழ்நாள் என்னும் அளவை மட்டும் மீளாய்வு செய்யச் சொன்னது; தடை ஏழாண்டாகக் குறைந்தது. குற்றம், தண்டனையின் அளவு, தண்டித்த முறை ஆகிய மூன்றும் வெவ்வேறு என்று அவள் சொல்லிவந்ததற்கு அத்தீர்ப்பு சான்று. ஆனால் அந்த வேறுபாடு தெளிவாவதற்குள் வேகப்பந்து வீச்சாளர் ஒருவரின் நல்ல பருவம் கழிந்துவிட்டது என்பதற்கும் அதுவே சான்று.

இருவரும் தத்தம் நிலையில் சரியாகவே இருந்தனர். சட்டத்தின் முன் நிற்காத தண்டனை குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும் அநீதி செய்வதில்லை, பார்வையாளருக்கும் செய்கிறது. குற்றம் உண்மையென்றால் அதை உறுதியாக நம்பும் உரிமையை அது பறிக்கிறது. பொய்யென்றால் அவரை முழுமனத்தோடு மீண்டும் நேசிக்கும் உரிமையைப் பறிக்கிறது. அந்தத் தந்தை பன்னிரண்டு ஆண்டுகள் வெறுக்கவும் முடியாமல் கொண்டாடவும் முடியாமல் இருந்தார். தீர்ப்பு அவருக்கு இனிப்பு வாங்கும் துணிவைத் தந்தது, நிம்மதியைத் தரவில்லை.

தீர்ப்புக்குப் பிறகும் நிழல் விலகவில்லை. 2017இல் ஐதராபாத் கிரிக்கெட் சங்கத் தலைவர் தேர்தலுக்கு அசாருதீன் அளித்த வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. 2019இல் அதே பதவிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் தலைவராக இருந்த காலத்தில் உப்பல் மைதானத்தின் வடக்குப் பார்வையாளர் மாடம் அவர் பெயரைப் பெற்றது. 2025 ஏப்ரலில் அந்தப் பெயரை நீக்கச் சங்கத்தின் குறைதீர்ப்பாளர் உத்தரவிட்டபோது, அசாருதீன் மீண்டும் உயர் நீதிமன்றத்தின் படியேறினார்.

அன்று காலை செய்தியைப் படித்துக்காட்டிய மகள், தந்தை கொதிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்: "உத்தரவு போடுறதுக்கு முன்னாடி அவர் தரப்பைக் கேட்டாங்களாம்மா?"