பதக்கம் மட்டுமே அளவுகோல் அன்று

1955ஆம் ஆண்டு டொராண்டோவில் தொடங்கப்பட்டு, 2011இல் கால்கரி நகரின் ஒலிம்பிக் பூங்காவில் புதிய கட்டடம் கண்ட கனடிய விளையாட்டுப் புகழ்க்கூடம், களத்தில் சாதித்த வீரர்களோடு ‘கட்டமைப்பாளர்’ என்னும் மற்றொரு வகையினரையும் போற்றுகிறது. பயிற்சி, நிர்வாகம், அமைப்புப் பணி ஆகியவற்றால் ஒரு விளையாட்டை வளர்த்தவர்களையே இச்சொல் குறிக்கிறது. 1891இல் கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித்தும், 1907இல் பாஸ்டன் மாரத்தானை வென்ற ஒனொண்டாகா பழங்குடி ஓட்டக்காரர் டாம் லாங்போட்டும் அங்கு ஒருங்கே நினைவுகூரப்படுகின்றனர்.

புற்றுநோயால் வலக்காலை இழந்தபின், அந்நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக 1980இல் செயற்கைக் காலுடன் 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடி, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதி வழியில் நிற்க நேர்ந்த டெர்ரி ஃபாக்ஸ், போட்டி வெற்றிகளால் அன்றி அந்த ஓட்டத்தாலேயே அக்கூடத்தின் பெரும்புகழாளர்களுள் ஒருவரானார். ஆகவே, விளையாட்டு அருங்காட்சியகம் என்பது வெற்றிகளை அடுக்கும் பதக்கப் பெட்டகம் அன்று. ஒரு நாடு எதை மதிக்கிறது என்பதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லும் ஆவணம்.