நமக்கு இனிக்கும் பொய்

"பத்திரிகையில் வந்துவிட்டது, ஆகவே மெய்" என்று நம்பிய காலம் ஒன்றிருந்தது. தோட்டத்து லயங்களில் எழுத்தறிந்தவர் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்ட காலம் அது. அன்று நம்மவர்க்கிருந்த குறை, படிக்கக் கிடையாமை. இன்றோ அக்குறை தலைகீழாக மாறிவிட்டது. தோட்டத்திலும் பட்டணத்திலும் பள்ளிப் பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்குள் செய்திகள் வெள்ளமெனப் புகுகின்றன. வெள்ளநீர் முழுவதும் குடிநீராகுமா? வடிகட்டிக் குடிக்கும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டாமா?

நிற்க. ஞாயிறுதோறும் மாலையில் இடைநிலைப்பள்ளி மாணவர் சிலர்க்கு நாம் தமிழ் கற்பித்து வருகின்றோம். ஒருநாள் மாணவன் ஒருவன் வாட்ஸ்அப் வழி வந்த செய்தியொன்றைக் காட்டினான். காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றுச் சனீசுவரன் கோயிலுக்கு மேலே வரும் செயற்கைக் கோள்கள் யாவும் மூன்று வினாடி நின்று செல்கின்றனவாம். அமெரிக்க விண்வெளிக் கழகமான நாசாவே இதைக் கண்டு திகைத்ததாம்! பல்லாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்களிடையே சுற்றிவரும் கதை இது.

பகுத்தறிவு பேசும் நமக்கு இதனினும் இனிய விருந்து வேறுண்டோ? உடனே எழுதுபலகையை நாடினோம். பூமிக்கு அண்மையில் சுற்றும் செயற்கைக் கோள் வினாடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் விரைகின்றது. மூன்று வினாடியில் 20 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். அந்த விரைவே அதனை விழாது காக்கின்றது; விரைவிழந்து நின்றால் அது பூமியை நோக்கி விழவேண்டியதே. இவற்றை விளக்கியபின், நாசாவில் யார் கூறினார், எந்நாளில் கூறினார், எங்கே வெளியிட்டார் என்னும் விவரம் ஒன்றேனும் அச்செய்தியில் உண்டா என்றும் கேட்டோம். பிள்ளைகள் நகைத்தனர். மூடநம்பிக்கையின் வேரொன்றை அறுத்துவிட்டோமென்ற பெருமிதத்துடன் வீடு திரும்பினோம்.

அப்பெருமிதம் ஒரு வாரமே நிலைத்தது. அடுத்த ஞாயிறன்று தமிழின் சிறப்பைப் பேசுகையில், 1977-ஆம் ஆண்டில் ஏவப்பெற்ற இரு வாயேஜர் விண்கலங்களைக் குறிப்பிட்டோம். வேற்றுலகில் அறிவுள்ள உயிர்கள் இருப்பின் அவை கேட்டறியுமாறு, பல மொழி வாழ்த்துகளைப் பதிந்த பொன்முலாம் பூசிய தட்டு ஒவ்வொரு கலத்திலும் வைக்கப்பட்டுள்ளது. "அதில் நம் தமிழும் ஒலிக்கின்றது!" என்று நெஞ்சு நிமிர்த்திக் கூறினோம். நண்பரொருவர் அனுப்பிய செய்தியில் அவ்வாறே கண்டிருந்தோம்.

கடைவரிசையிலிருந்த மாணவியொருத்தி தயங்கி எழுந்தாள். "ஐயா, சென்ற வாரம் நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி இப்பொழுதே தேடிப் பார்த்தேன். நாசா வெளியிட்ட பட்டியலில் 55 மொழிகள் உள்ளன. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களமும் இருக்கிறது. தமிழைக் காணவில்லை ஐயா" என்றாள்.

வாங்கிப் பார்த்தோம். அவள் கூறியதே உண்மை. அக்கணம் நம் உள்ளத்தில் எழுந்தது நன்றியன்று, சினமே. "பெரியவரிடம் எதிர்ப்பேச்சா?" என்னும் பழைய அதட்டல் ஒன்றுண்டே, எதனை ஒழிக்கவென்று நாம் இத்தனை காலம் எழுதியும் பேசியும் வந்தோமோ, அதுவே நம் தொண்டைவரை வந்து நின்றது. அதனை விழுங்கிக்கொண்டு, "நீ சொன்னதே சரி, அம்மா. ஆராயாமற் பேசிய தவறு எம்முடையது" என்றோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கோயிற் கதையைக் கண்டவுடன் அடுக்கடுக்காய்க் கேள்வி கேட்ட நம் அறிவு, தமிழ்ப் பெருமையைக் கண்டவுடன் உறங்கியதேன்? முன்னது நமக்குக் கசந்தது, பின்னது இனித்தது. வேற்றுமை அவ்வளவே. பிறர் நம்பும் பொய்யைக் கண்டு நகைப்பது எளிது. நமக்கு இனிக்கும் பொய்யை நாமே துப்புவதன்றோ பகுத்தறிவு!

கற்றவர் ஏமாறார் என்றும் எண்ணற்க. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துச் சாம் வைன்பர்க், சேரா மெக்ரூ ஆகிய இருவரும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வரலாற்றறிஞர் 10 பேர், செய்தி சரிபார்ப்போர் 10 பேர், பல்கலைக்கழக மாணவர் 25 பேர் ஆகியோர் இணையத் தளங்களை எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்பதே ஆராய்ச்சி. அறிஞரும் மாணவரும் தளத்தின் முத்திரையையும் தோற்றத்தையும் கண்டு பலகால் ஏமாந்தனர். செய்தி சரிபார்ப்போரோ அத்தளத்திலேயே உழலாது விரைந்து வெளியேறி, அதனை நடத்துவோரைப் பற்றிப் பிறர் கூறுவது யாதெனத் தேடினர். மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளை வீட்டாரிடமே கேட்டறிவோர் உண்டோ? ஊராரிடமன்றோ விசாரிப்போம்!

இந்நாடுகளில் இதற்கான முயற்சிகள் இல்லாமலில்லை. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் தகவலை ஆராய்ந்தறியக் கற்பிக்கும் இயக்கத்தை 2013-இல் தொடங்கியது. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம், பொய்ச் செய்திகளுக்கு மறுப்புரைக்கும் 'செபெனார்ஞா' தளத்தை 2017-இல் தொடங்கியது. ஆயினும் அவை நம் வாசல்வரையே வரும். உள்ளே கேட்கவேண்டியவர் நாமே.

ஆதலின் இப்பொழுது வகுப்புத் தொடங்குமுன் நான்கு கேள்விகளைப் பலகையில் எழுதுகின்றோம். சொல்பவர் யார்? ஆதாரம் என்ன? பிறர் கூறுவது யாது? இது மெய்யாயிருக்க வேண்டுமென்று நாம் ஆசைப்படுகின்றோமா? முதல் மூன்றும் பிறரை நோக்கியவை. நான்காவது நம்மை நோக்கியது. அம்மாணவி நமக்குக் கற்பித்தது.

பெற்றோர்களே! நீங்கள் அனுப்பிய செய்தியைக் காட்டி, "அப்பா, இது மெய்யா?" என்று உங்கள் பிள்ளை கேட்குமாயின், அதட்டி வாயடைக்காதீர்கள், உடன் அமர்ந்து தேடுங்கள். வாயேஜர் தட்டில் தமிழ் இல்லை. அதனால் தமிழுக்குச் சிறுமை வந்துவிடவில்லை. உண்டென்று பொய்யுரைத்துப் பெருமை தேடுவதே அதற்குச் சிறுமை.