குண்டின் போக்கறிந்தவர்

ஜப்பானின் ஐச்சி மாகாணத்து டொயோட்டா நகரில், சூக்கியோ பல்கலைக்கழக மைதானத்திலுள்ள எறிவட்டத்தைக் கண்ணாரக் காண வேண்டுமென்பது, சங்கிலிக் குண்டு எறி வீரர் கோஜி முரோபுஷியின் சரித்திரத்தை அறிந்த நாள் முதலாக என் உள்ளத்தில் இருந்துவந்த ஆவல். 2.135 மீட்டர் குறுக்களவே உள்ள சிமெண்டுத் தரையில் நின்று, 7.26 கிலோ எடையுள்ள சங்கிலிக் குண்டை எண்பது மீட்டருக்கு அப்பால் எறியும் வித்தைக்கு, ஆசியாவில் இதைவிடச் சிறந்த குருகுலம் இல்லையென்றே நான் கருதுகிறேன்.

நான் சென்ற வேளையில் மாணவர் ஒருவர் அப்பியாசத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் வெளியே தெரியும்படி நறுக்கப்பட்ட தோலுறையை அவர் இடது கையில் மாட்டியிருந்தார். பிடி அழுந்தி அழுந்தி அந்தத் தோல் விரல்களின் குறுக்கே கறுத்துப் பள்ளம் விழுந்திருந்தது. கம்பியின் முனைகளில் முறுக்கு நெகிழ்ந்திருக்கிறதா என்று விரலால் நெருடிப் பார்த்துவிட்டே வலைக்கூண்டுக்குள் நுழைந்தார். தலைக்கு மேலாகக் குண்டைச் சுழற்றி, இடது குதிகாலிலும் முன்பாதத்திலும் மாறி மாறி ஊன்றி, திருப்பத்துக்குத் திருப்பம் வேகம் கூட நான்கு முறை சுழன்று அவர் கைவிட்ட கணத்தில், குண்டு எழும்பிப் போய்த் தொலைவில் புல்லைப் பெயர்த்துக்கொண்டு புதைந்தது. “கையால் இழுக்கக் கூடாது, கால்தான் வேலை செய்ய வேண்டும்” என்றார். எண்பது மீட்டர் எறிதலில், விடுபடும் தறுவாயில் குண்டு மனிதனை இழுக்கும் விசை முந்நூறு கிலோ எடைக்கும் மேற்பட்டது. அதனோடு மல்லுக்கு நிற்பவன் தோற்பான், அதன் போக்கறிந்து உடன் சுழல்பவனே வெல்வான்.

இந்த ஞானம் கோஜிக்குப் பிதுரார்ஜிதமாக வந்தது. தந்தையார் ஷிகெனோபு முரோபுஷி, 1970 முதல் 1986 வரை ஐந்து ஆசிய விளையாட்டுகளில் தொடர்ந்து தங்கம் வென்றவர்; தாயார் ருமேனியாவின் ஈட்டி எறி வீராங்கனை. தந்தையிடமே பயின்று, அவருடைய 75.96 மீட்டர் தேசிய சாதனையை 1998-இல் கடந்த மகன், 2003-இல் பிராக் நகரில் 84.86 மீட்டர் எறிந்தார். பரம்பரை வித்தையென்று அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், குண்டின் வேகத்தையும் அது செல்லும் வளைவையும் கருவிகொண்டு அளந்து ஆராய்ந்து, இதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார் என்பதே எனக்கு அவரிடம் மிகுந்த மதிப்பை உண்டாக்கிய விஷயம்.

2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 82.91 மீட்டர் எறிந்து இரண்டாமிடத்தில் நின்ற அவருக்கு, முதலிடம் பெற்ற ஹங்கேரியர் ஊக்கமருந்துப் பரிசோதனை விவகாரத்தில் தகுதியிழந்ததால் தங்கம் கிடைத்தது. நியாயமாக வந்த தங்கமே அது. ஆயினும் என் மனம் நாடுவது 2011-ஆம் ஆண்டு தேகு நகரத்து உலகப் போட்டியைத்தான். முப்பத்தாறு வயதில், பளுக்கம்பியின் இரு முனைகளிலும் குண்டுகளைத் தொங்கவிட்டுத் தோளில் தாங்கி, அவை தாறுமாறாக ஆட ஆடத் தேகத்தின் நிதானம் குலையாமல் பழகும் தமது நூதனப் பயிற்சியின் துணையோடு வந்த அவர், அங்கே 81.24 மீட்டர் எறிந்து, ஆறே சென்டிமீட்டர் வித்தியாசத்தில் உலக சாம்பியனானார்.