காசு கழுத்துக்கு வந்த வழி

லாஸ்பேட்டையிலிருந்து தெற்கே புதுச்சேரி நகரைக் கடந்து அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்குப் போகும் பாதை சில கிலோமீட்டர்தான். அந்தப் பாதையின் முடிவில் அரிக்கமேடு என்னும் பழந்துறைமுக மேடு. நடுவில், பாரதி பூங்காவுக்கு அருகே, அந்த மேட்டில் கிடைத்த மணிகளையும் சாடி ஓடுகளையும் வைத்திருக்கும் அருங்காட்சியகம். இரண்டையும் பார்த்தவர்க்கு ஒரு கேள்வி எழும். ஒருபுறம் கிரேக்கத் தெய்வம் அதீனாவின் தலையும் மறுபுறம் ஆந்தையும் கொண்ட பழைய ஏதென்ஸ் நாணயத்தைப் போல் செய்த வெள்ளிப் பதக்கத்தை இவ்வூர்ப் பெண் ஒருத்தி அணிந்தால், அது நமக்கு ஒட்டாத இரவல் அலங்காரமா? இல்லை என்பதே என் எண்ணம். கிரேக்க, ரோமானிய உருவங்களைக் கையாளும் பழக்கம் இக்கரையில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது.

அரிக்கமேட்டில் கிடைத்த செதுக்குக் கற்களில் ஒன்றில் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று கருதப்பட்ட தலை இருந்தது. மற்றொன்று படிகக்கல், அதில் கிரேக்கர் ஈரோஸ் என்றும் ரோமர் கியூபிட் என்றும் வணங்கிய காதல் தெய்வமும் ஒரு பறவையும். அந்தக் கல் முழுதாக முடிக்கப்படாதது. 1945இல் இங்கு அகழ்ந்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், மேற்கத்திய மணிக்கல் செதுக்குநர்கள் இங்கேயே தங்கி வேலை செய்திருக்கலாம் என்று அதிலிருந்து ஊகித்தார். அப்படியானால் அது அந்நியர் தமக்காகச் செய்துகொண்டதுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அதே மண்ணில் உள்ளூர்க் கைவினைஞர் சூதுபவளம், படிகம், கண்ணாடி எல்லாவற்றிலும் மணி செய்தார்கள். பட்டறைகள் அருகருகே இருக்கும்போது கண் பார்த்ததைக் கை கற்காமல் இருக்குமா?

கற்றது என்பதற்குக் கரூர் சாட்சி சொல்கிறது. அமராவதி ஆற்றுமணலில் ரோட்ஸ், தெஸ்ஸலி, கிரீட் முதலிய கிரேக்கப் பகுதிகளின் நாணயங்கள் கிடைத்தன, அவற்றை நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 2000இல் நூலாக்கினார். அங்கேயே கிடைத்த சேரரின் வெள்ளிக்காசில் ரோமானியப் பாணியில் மன்னன் தலையும், தமிழ்ப் பிராமியில் 'மாக்கோதை' என்ற பெயரும் உள்ளன. பாணியை வாங்கியவர்கள் பெயரைத் தமதாகவே பொறித்தார்கள். இதை வெறும் நகலெடுப்பு என்று எப்படிச் சொல்வது? விக்டோரியா அரசியின் தலை பதித்த பவுன்கள் பிற்காலத்தில் காசுமாலையாகி நம் வீட்டுத் திருமணங்களில் மின்னியதும் இதே வழியில்தான்.

பழைய காசைத் துளையிட்டு நகையாக்கினால் வரலாறு சிதையும் என்பது இன்னொரு மறுப்பு. அதை முழுமனதோடு ஏற்கிறேன். நூறாண்டைக் கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தொடாமல் காக்க வேண்டும். புது வெள்ளியில் வார்த்து, புதியது என்று சொல்லி விற்கும் பதக்கத்தால் அந்தக் கேடு இல்லை. புதுச்சேரித் தட்டார்கள் அதீனாவோடு நிற்காமல் அரிக்கமேட்டு ஈரோஸையும் மாக்கோதையின் முகத்தையும் வெள்ளியில் கொண்டுவர வேண்டும். இந்தக் கடற்கரையின் வணிக வரலாற்றைப் பிள்ளைகளிடம் சேர்க்க அந்த நகைகளும் உதவும்.